காதல்தான் வாழ்வின் ஆகப்பெரிய நிறைவா? அது அமையாதவர்கள் குறைவாழ்வு வாழ்கிறார்களா?

தாமரைக்கண்மாய் (இழையைத் தொடங்கியவர்)

கேள்வியை நேராகவே வைக்கிறேன். ஒருவர் படிக்கிறார், வேலை பார்க்கிறார், நாலு பேருக்கு உதவியாக இருக்கிறார், நல்ல நண்பர்களோடு வாழ்ந்து முடிக்கிறார். காதல் மட்டும் அவருக்கு அமையவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எல்லாம் இருந்து என்ன" என்ற பெருமூச்சு ஏன் கூடவே வருகிறது?

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மதுரையில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. முன்பெல்லாம் இந்தப் பெருமூச்சு பெரியவர்களிடமிருந்து வரும். அவர்கள் கல்யாணத்தைச் சொன்னார்கள். இப்போது என்னைவிட இளையவர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் காதலைச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் மாறினார்களே தவிர, கேள்விக்குள் இருக்கும் தீர்ப்பு மாறவில்லை.

எங்கள் ஊர் டாக்டர் ஜி. வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. மகப்பேறு மருத்துவராக நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் டாக்டர் சாந்தா, 1955-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர், 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இவர்களுடைய வாழ்க்கையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா? வந்தால் ஏன் என்று சொல்லுங்கள். மறுத்துப் பேசுபவர்களைத்தான் எதிர்பார்க்கிறேன்.

பாலைவழி

நான் மறுக்கிறேன்.

விவாகரத்து ஆனவன். கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை நடத்துகிறேன். வேலையில் எனக்குக் குறையில்லை. ஒரு மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்; அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இரவு கதவைத் திறந்து உள்ளே போகும்போது, அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லாதவனுக்குத்தான் தெரியும் அந்தப் பெருமையின் எடை. வேலை நம்மைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

மகான்களைக் காட்டி வாதாடாதீர்கள். லட்சம் பேருக்குக் கண் கொடுத்தவருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். என்னைப் போன்ற சாதாரண மனிதனுக்கு ஒருத்தி தன்னை முழுவதுமாக அறிந்து ஏற்றுக்கொள்வதைவிடப் பெரிய பேறு கிடையாது. அது எனக்குச் சில ஆண்டுகள் கிடைத்தது. இழந்த பிறகும் அதுதான் பெரிது என்கிறேன்.

எண்ணும் எழுத்தும்

ஒரு தகவல் சேர்க்கிறேன். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 268 பேரையும், பாஸ்டன் நகரின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். இப்போது அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர் எடுத்துச் சொல்லும் முக்கியமான முடிவு இது: 50 வயதில் தங்கள் உறவுகளில் மன நிறைவோடு இருந்தவர்கள் 80 வயதில் மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள். அந்த வயதின் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுகளின் தரம் முதுமையைப் பற்றி அதிகம் சொன்னது.

இதைப் படித்தவர்கள் பலர் "காதல்தான் ஆயுளைக் கூட்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வு சொன்னது உறவுகளை. மனைவி அதில் உண்டு; நண்பர்களும் ஊராரும் உண்டு. தொடக்கத்தில் அவர்கள் எல்லோரும் ஆண்கள், வெள்ளையர்கள், அமெரிக்கர்கள். நம் ஊர்ப் பெண்களிடம் இதே கேள்வியை எண்பது ஆண்டு கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

கரும்பலகை

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் இலக்கியத்தை எடுத்துக்கொண்டால் பாலைவழி பக்கம்தான் தராசு சாயும்போல் தெரியும். எட்டுத்தொகையில் ஐந்து நூல்கள் முழுக்க அகம். புறத்துக்கு முழுதாக இரண்டு, பரிபாடலில் இரண்டும் கலந்து. அறத்தைப் பாட வந்த வள்ளுவரும் இன்பத்துக்கு 250 குறள் ஒதுக்கினார்.

ஆனால் அந்த 250 குறளுக்குள் நுழைந்து பாருங்கள். 25 அதிகாரங்களில் களவுக்கு ஏழு, மணத்துக்குப் பிந்தைய கற்புக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டின் வாசலில் நிற்பது பிரிவாற்றாமை. அடுத்து மெலிவு, பசலை, கண்ணீர், கனவு, மாலைப்பொழுதின் வேதனை. சேர்ந்திருக்கும் இன்பத்துக்குக் கிடைத்த இடம் குறைவு. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இவ்வளவு அழ வேண்டியிருந்தால் இதை ஏன் இன்பத்துப்பால் என்கிறார்கள்?" என்று கேட்டாள். அன்று நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். காதல் மனிதனைத் திறந்து போடுகிறது. திறந்த மனத்துக்குள் இன்பமும் வரும், வலியும் வரும். அதை வாழ்வின் பெரிய அனுபவம் என்று ஒப்புக்கொள்வேன். பெரிய அனுபவமும் பெரிய நிறைவும் ஒன்றுதானா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

திருவையாற்றுக்காரி

எல்லோரும் காதல் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் வருவது என்றே பேசுகிறீர்கள். எனக்கு 1979-ல் வீட்டில் பார்த்துத் திருமணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே தாலி ஏறிய பிறகுதான்.

அந்த வீட்டில் விடிகாலையில் இறங்கும் முதல் டிகாஷன் ஆண்களுக்கு. இரண்டாவது தண்ணீர் ஊற்றி இறக்குவது பெண்களுக்கு. நான் போன சில மாதங்களில் என் கணவர் எனக்கு முன்னால் எழுந்து ஃபில்டரைத் திறந்து ஒரு டம்ளர் அளவுக்கு எடுத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் மூடி வைத்துவிட்டுப் போவார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டம்ளரைக் கண்டதும் யாரோ மறந்து வைத்தது என்று நினைத்து நானே கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்தேன். மாமியார் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு வைத்திருக்கிறான், குடி" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

என் கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கோயில், கச்சேரி, தோழிகள் என்று நாள் போகிறது. ஆனாலும் யாராவது என்னிடம் "உன் வாழ்க்கையில் எது பெரிது" என்று கேட்டால் பிள்ளைகளைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த டம்ளரைத்தான் சொல்வேன். என் பிள்ளைகள் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

நெய்தல்

இந்த விவாதத்தைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வருகின்றன. காதல் பெரிதா, நட்பு பெரிதா, தொண்டு பெரிதா என்று நிதானமாக எடைபோட உங்களால் முடிகிறது. காதலிக்க அனுமதி மறுக்கப்பட்டவனிடம் வந்து "அது ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை" என்று சொல்லிப் பாருங்கள்.

நானும் அவளும் வேறு வேறு சாதி. பெரும் போராட்டம் எதுவும் செய்யாமல், சட்டப்படி போகலாம் என்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 1954-ல் வந்த சட்டம் அது. முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. இருவரின் பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் சொல்ல விரும்புபவர் சொல்லலாம். எங்கள் தாள் ஒட்டிய மறுநாள் மாலை அவள் வீட்டுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவள் கைப்பேசி அணைந்தே கிடந்தது. நான் அந்தப் பலகையின் எதிரில் போய் நின்றிருக்கிறேன். குண்டூசி குத்திய தாளில் எங்கள் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் தட்டச்சாகியிருந்தன. அவை சேர்ந்து இருந்த ஒரே இடம் அதுதான்.

தன் துணையைத் தானே தேர்ந்துகொள்வது வயது வந்தவரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1967-லேயே சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். தாளில் எல்லாம் இருக்கிறது. தெருவில்தான் இல்லை.

காதலைவிடப் பெரியது உண்டு என்று சொல்லும் உரிமை, காதலிக்கச் சுதந்திரம் கிடைத்தவர்களுக்கு இருக்கலாம். எங்களுக்கு முதலில் அது கிடைக்கட்டும். பெரிதா சிறிதா என்று அதன் பிறகு யோசித்துச் சொல்கிறோம்.

தாமரைக்கண்மாய்

நெய்தல், நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். உங்களிடம் காதல் சிறியது என்று சொல்ல நான் வரவில்லை. உங்கள் வீட்டாரும் என் உறவினர்களும் செய்வது ஒரே காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் எப்படி வாழ்ந்தால் அது வாழ்க்கை என்பதை அவரைக் கேட்காமல் முடிவு செய்துவிடுகிறார்கள். உங்களைக் காதலிக்காதே என்கிறார்கள். என்னைக் காதல் இல்லாமல் இருக்காதே என்கிறார்கள். உங்களுக்கு நடப்பது பல மடங்கு கொடியது, உயிருக்கே ஆபத்தானது. எனக்குக் கிடைப்பது வெறும் பெருமூச்சு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் வேர் ஒன்று.

நானும் காதலித்தவள்தான். அவர் நல்லவர். இருவருக்கும் போக வேண்டிய ஊர்கள் வேறாக இருந்தன, பிரிந்தோம். அந்த ஆண்டுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதற்கப்புறம் வந்த ஒன்றையும் குறைத்துப் பேச மாட்டேன். என் பெயரில் இருக்கும் கண்மாய் சிவகங்கைப் பக்கம் என் அம்மாவின் ஊரில் இருக்கிறது. சீமைக்கருவேலம் அடைத்து, வரத்துக்கால்வாய் மண்மூடி, மடை உடைந்து கிடந்தது. ஊரில் சிலரும் நாங்கள் வெளியூரிலிருந்து சனி ஞாயிறு போன சிலரும் சேர்ந்து வேலை செய்தோம். மரத்தை வேரோடு எடுக்க இயந்திரம் வைத்தோம். கால்வாயைக் கையால்தான் தோண்ட வேண்டியிருந்தது. கலுங்குக் கல்லைப் பழையபடி அடுக்கத் தெரிந்த ஒரு பெரியவர் மட்டும் மிச்சம் இருந்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, எந்தக் கல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலை தண்ணீர் வந்தது. வெள்ளம் போல வரவில்லை. கால்வாயின் காய்ந்த மண்ணில் நுரையும் சருகும் எறும்புமாக ஒரு பழுப்பு விளிம்பு மெல்ல நகர்ந்து வந்தது. ஒரு மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. நாங்கள் எல்லோரும் அதன் கூடவே நடந்தோம். சிறுவர்கள் முன்னால் ஓடி வழியில் கிடந்த குச்சிகளை எடுத்துப் போட்டார்கள். கண்மாய் வாயை அது தொட்டபோது எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலையில் எனக்கு என்ன இருந்ததோ, அது காதலில் இருந்ததற்குக் குறைந்தது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடியது என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றை மேலே வைத்தால்தான் மற்றது புரியும் என்ற பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

இரவுப்பணி

நான் நோய்த்தணிப்புப் பிரிவில் செவிலியர். இரவு நேரப் பணி. கடைசி நாட்களில் இருப்பவர்கள் யாரைக் கேட்கிறார்கள் என்பதை நான் பார்க்கிறேன். கணவனை, மனைவியைக் கேட்பவர்கள் நிறைய. இறந்துபோன அம்மாவைக் கேட்பவர்கள் அதைவிட நிறைய. ஒருவர் தன் பழைய லாரி கிளீனரைக் கேட்டார். தேடிப் பிடித்து வரவழைத்தோம். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையின் மேல் இருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்து, பிழிந்து, பஞ்சால் உதட்டில் வைத்தார். விடியும்வரை அதைத்தான் செய்தார். நோயாளியின் மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் தடுக்கவில்லை.

மனைவி இருந்தும் தனியாக இறந்தவர்களையும், திருமணமே ஆகாமல் அறை நிறைய ஆட்களோடு இறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதிலிருந்து சட்டம் எதுவும் எழுத முடியாது. பாலைவழி அண்ணன் சொன்ன "முழுவதுமாக அறிந்து ஏற்றுக்கொள்வது" என்பதை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன். அதைச் செய்ய வருபவர் எந்த உறவின் பெயரில் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எண்ணும் எழுத்தும்

தொடக்கப் பதிவில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டர் வெங்கடசாமி தனித்து நின்று சாதிக்கவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி, மற்ற உடன்பிறந்தவர்கள் என்று ஒரு பெரிய குடும்பமே அந்த மருத்துவமனைக்குள் இறங்கியது. அவர்கள் வீட்டில்தான் அவர் சாப்பிட்டார், வாழ்ந்தார். ஆகவே "காதல் இல்லை, வேலை இருந்தது" என்று அவரைக் காட்டுவது பாதிக் கதை. அவரைச் சுற்றி அன்புக்குக் குறைவே இல்லை. அது கணவன் மனைவி வழியாக வரவில்லை, அவ்வளவுதான். டாக்டர் சாந்தாவின் கதையும் அரை நூற்றாண்டு டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடும் மற்றவர்களோடும் தோளோடு தோள் நின்ற கதைதான். 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் ஒருவர் மட்டும் எதையும் செய்திருக்க முடியாது.

கரும்பலகை

இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புறநானூற்றில் 191-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. புலவர் பிசிராந்தையாரைப் பார்த்து, "இத்தனை வயதாகியும் உமக்கு எப்படி நரை இல்லை?" என்று கேட்கிறார்கள். வாழ்வின் நிறைவைப் பற்றித் தமிழில் இதைவிட நேரான கேள்வி இல்லை. அவர் சொல்லும் பதில்: மாண்புடைய என் மனைவியும் மக்களும் நிறைந்தவர்கள், என்னிடம் வேலை செய்பவர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் தீமை செய்யாமல் காக்கிறான், இதற்கெல்லாம் மேலாக, நான் வாழும் ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள்.

மனைவியைத்தான் முதலில் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை. நல்ல அரசும் நல்ல அண்டை வீட்டாரும் இருந்தால்தான் தலை நரைக்காது என்கிறார். அந்த மனிதர்தான் முன்பின் பார்த்திராத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர் விடுகிறான் என்று கேட்டுப் பாண்டிநாட்டிலிருந்து கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் விட்டார்.

திருவையாற்றுக்காரி

ஐயா, ஒரு சந்தேகம். அந்த மாண்புடைய மனைவி என்ன ஆனார்? கணவர் நண்பனைத் தேடிப் போய்ச் செத்தாரே, வீட்டில் இருந்தவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார்? நட்பைப் பாடினார்கள். அந்த வீட்டு வாசலில் நின்றவரை யாராவது பாடினார்களா?

கரும்பலகை

பாடவில்லை அம்மா. நாற்பது ஆண்டு அந்தப் பாட்டைப் பாடம் நடத்தியவன், ஒரு மாணவர்கூட இதைக் கேட்டதில்லை. அதே சோழன் தன் இன்னொரு நண்பர் பொத்தியாரை, மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான் என்ற செய்தி மட்டும் உண்டு. அவரும் பின்னர் வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணின் குரலும் நமக்கு வந்து சேரவில்லை.

பாலைவழி

இவ்வளவையும் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. எனக்குக் காதல்தான் பெரிது. ஆனால் "எல்லோருக்கும்" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்த லாரி கிளீனரைப் பற்றிப் படித்துவிட்டு என் பட்டறையில் பதினைந்து வருடமாக இருக்கும் ஆளிடம் இன்று முதல்முறையாக அவர் வீட்டு நிலவரம் கேட்டேன். மதியச் சாப்பாடு ஆறும்வரை பேசினார்.

நெய்தல்

தாமரைக்கண்மாய் அக்கா, வேர் ஒன்று என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். சூடாக எழுதினேன், எழுதியதில் ஒரு வரியும் பின்வாங்கவில்லை.

ஒரு செய்தி. அவள் வெளியே வந்துவிட்டாள். வேறு மாவட்டத்தில் வேலை, மகளிர் விடுதியில் இருக்கிறாள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே வசித்துவிட்டதால் அந்த ஊர் அலுவலகத்திலேயே மறுபடியும் அறிவிப்புக் கொடுத்தோம். முப்பது நாள் கெடு அடுத்த வாரம் முடிகிறது. இதுவரை ஆட்சேபம் வரவில்லை. மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். என் நண்பர்கள் இருவர் வருகிறார்கள். மூன்றாவதாகச் சொல்லியிருந்தவர் பயந்து பின்வாங்கிவிட்டார்.

தாமரைக்கண்மாய்

ஊர் பெயரை இங்கே எழுத வேண்டாம். தனிச்செய்தியில் தேதியும் நேரமும் அனுப்புங்கள். ஆதார் அட்டையோடு, இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். வேறு எதுவும் வேண்டுமானால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

திருவையாற்றுக்காரி

நெய்தல் தம்பி, எனக்கும் தேதியைச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு மூன்று பேர் போதும்; பெண் பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டாமா?

கரும்பலகை

நான்காவது ஆள் கடைசி நேரத்தில் தேவைப்பட்டால் நானும் இருக்கிறேன் தம்பி. தயங்காமல் கேளுங்கள்.